கட்டைவிரல் சாட்சி

நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் 'கட்டைவிரல்' என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுதான் செல்லும். பத்தொன்பது வருடமாக அங்கே மூளையைத் தூண்டும் இயந்திரத்தை ஓட்டுகிற டெக்னீஷியன் அவள். காலையில் வந்ததும் காந்தச் சுருளை எடுத்துத் தன் தலையின் இடப்பக்கம் வைத்து, பெடலை ஒரு மிதி மிதிப்பாள். டக்கென்று சத்தம் கேட்கும். வலது கைக் கட்டைவிரல் துள்ளும். துள்ளினால் இயந்திரம் நலம். துள்ளாவிட்டால் அன்றைக்கு அதை நோயாளியின் பக்கத்தில் கொண்டுபோக விடமாட்டாள். கையேட்டில் இதற்குப் பதினோரு பக்கச் சோதனைமுறை இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. அவளுடைய கட்டைவிரலைத்தான் எல்லாரும் நம்பினார்கள், பேராசிரியர் ஒருவரைத் தவிர.

பேராசிரியர் மூளைத் தூண்டலைப் பற்றி நூற்றுப்பதினேழு கட்டுரை எழுதியவர். அவர் அறையில் சட்டம் போட்ட சான்றிதழ்கள் சுவரெல்லாம் நிறைந்து, இடம் போதாமல் பாதி ஜன்னலையும் அடைத்துக்கொண்டிருந்தன. அதனால் பட்டப்பகலிலும் அங்கே விளக்கு எரியும். நோயாளிகள் இருக்கும் பக்கம் அவர் வருகிறார் என்றால் பின்னாலேயே கேமராவும் வருகிறது என்று அர்த்தம். கை நடுக்கத்தைப் பற்றி மட்டும் நாற்பது கட்டுரை எழுதியிருந்தார். ஒரு நடுங்குகிற கையை அவர் பிடித்துப் பார்த்து அவள் கண்டதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவருடைய சுரைக்காய் உதவாததோடு நிற்காமல் விருதும் வாங்கியது.

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், தையல்காரன். ஐம்பத்து மூன்று வயதில் அவன் கைக்கு ஒரு விசித்திரமான வியாதி வந்தது. சோறு தின்னும், சட்டைப் பொத்தான் போடும், பேத்தியைத் தூக்கும். கத்தரியை எடுத்தால் மட்டும் ஆள்காட்டி விரல் தானாக மடங்கி உள்ளங்கையில் போய்க் குத்திக்கொள்ளும். கத்தரியைக் கீழே வைத்தால் மறுநிமிடம் சரியாகிவிடும். வேலைக்குக் கள்ளம் என்று அண்ணியே ஜாடையாகச் சொன்னாள். இது மூளையில் கையை ஆளும் இடத்தில் வரும் கோளாறு, கள்ளத்தனம் இல்லை என்று தங்கைக்குத் தெரியும். பேராசிரியர் இந்த வியாதிக்கே புதிதாக ஓர் ஆய்வு தொடங்கியபோது, அண்ணனைக் கையோடு கூட்டிவந்து சேர்த்துவிட்டாள்.

ஆய்வில் நாற்பது பேர். பாதிப் பேருக்கு நிஜமான காந்தத் துடிப்பு, பாதிப் பேருக்குப் போலி. இதற்கென்று வந்த சுருளுக்கு இரண்டு முகம். ஒரு முகம் மூளைக்குத் துடிப்பை அனுப்பும், மறுமுகம் சத்தம் மட்டும் போடும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் நீல ஸ்டிக்கர், மற்றதில் மஞ்சள் ஸ்டிக்கர். இன்னாருக்கு இன்ன நிறம் என்று அவளிடம் பட்டியல் உண்டு, எந்த நிறம் நிஜம் என்பது மட்டும் தெரியக்கூடாது. அதனால் பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு, தன் திருக்கரத்தாலேயே இரண்டு ஸ்டிக்கரையும் ஒட்டினார். எது எது என்று ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு மூடி, இயந்திரத்தின் கோப்பில் வைத்தார்.

"இனிமே அந்தக் கட்டைவிரல் வித்தை எல்லாம் வேணாம்மா. எது நிஜம்னு உங்களுக்குத் தெரிஞ்சா ஆய்வே கெட்டுப்போயிடும்" என்றார்.

அது நியாயம்தான் என்று அவளுக்கும் பட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்களாவது ஒரு தடவ உங்க தலையில வச்சுப் பாத்துட்டீங்களா சார்?"

"எதுக்கு? கையேட்டுல படம் போட்டிருக்கு. படத்தப் பாத்துத்தான் ஒட்டினேன்."

சிகிச்சையின்போது துடிப்பை விரல் அசையாத அளவுக்குக் குறைத்துத்தான் வைப்பார்கள். ஆகவே யாருக்கு எது போகிறது என்று வெளியே தெரிய வழியில்லை. அண்ணனுக்கு நீலம் வாய்த்தது. மூன்றாவது வாரம் அவன் கத்தரி பிடித்தான். ஐந்தாவது வாரம் தங்கைக்கு ஒரு சட்டை வெட்டித் தைத்துக்கொண்டு வந்தான். காலர் கொஞ்சம் கோணல். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று அவள் அழுதாள்.

ஆய்வு முடிந்து உறையைப் பிரித்தார்கள். மஞ்சள் நிஜம், நீலம் போலி என்று எழுதியிருந்தது. தேறியவர்களோ எல்லாரும் நீலக்காரர்கள். மஞ்சள்காரர்கள் வந்த நிலையிலேயே இருந்தார்கள். புத்தியுள்ள மனிதன் வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே எழுந்து இயந்திரத்திடம் போயிருப்பான். பேராசிரியர் கம்ப்யூட்டரிடம் போனார். 'நம்பிக்கையே மருந்து' என்று நூற்றுப்பதினெட்டாவது கட்டுரை பிறந்தது. வெறும் சத்தத்தைக் கேட்டே நோயாளிகள் குணமானார்களாம், மனித மனத்தின் சக்தியை உலகம் இதுவரை அறியவில்லையாம். உலகத்துக்கு அறிவிக்க இவர் வரவேண்டியிருந்தது. பேட்டி கொடுத்தார், மேடையில் பேசினார், ஒரு விருதுக்குழு நேரில் வந்து பார்க்கிறோம் என்று கடிதம் எழுதியது.

நீலக்காரர்களிடம், இதுவரை கிடைத்தது போலி, இனி நிஜத்தைத் தருகிறோம் என்று சொல்லி, பெரிய மனது பண்ணி எல்லாரையும் மஞ்சளுக்கு மாற்றினார். நாலே வாரத்தில் அண்ணனின் விரல் பழையபடி மடங்கியது.

"என்னம்மா இது, பொய்யக் குடுத்தப்ப நல்லா இருந்துச்சு, நெசத்தக் குடுத்ததும் போயிடுச்சு?" என்று அண்ணன் கையை நீட்டிக் கேட்டான்.

அவள் பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் நிமிராமலே பதில் சொன்னார்.

"உங்க அண்ணனுக்கு நம்பிக்கை போதாதும்மா."

அவளுக்கு வந்த கோபத்தில் மேசையில் இருந்த கேடயம் ஒன்றை எடுத்து அவர் தலையிலேயே போடலாம் போலிருந்தது. போடவில்லை. ஆய்வுதான் முடிந்துவிட்டதே, கட்டைவிரலுக்குப் போட்ட தடையும் முடிந்தது என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை மஞ்சள் பக்கத்தைத் தலையில் வைத்து மிதித்தாள். சத்தம் மட்டும் வந்தது, விரல் சும்மா கிடந்தது. சுருளைத் திருப்பி நீலப் பக்கத்தை வைத்தாள். விரல் துள்ளியது. ஒன்பது தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு ஓடினாள்.

"ஸ்டிக்கர் மாறியிருக்கு சார். நீலந்தான் நிஜம். என் விரல் துள்ளுது."

பேராசிரியர் புன்னகை செய்தார். "உங்க விரல் நம்புதும்மா. நீலத்துல குணமானவங்களப் பாத்துப் பாத்து உங்க மூளை அதுக்குப் பழகிடுச்சு."

"கண்ண மூடிக்கிட்டு வச்சாலும் துள்ளுது சார். விரலுக்குக் கலரு தெரியுமா?"

"அதத்தான் அடுத்த கட்டுரைல எழுதப்போறேன்."

கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இவரிடம் கண்ணாடியைக் கொடுத்தாலும் தலைதான் வாரிக்கொள்வார்.

விருதுக்குழுவில் மூன்று பேர் வந்தார்கள். பேராசிரியர் செய்துகாட்டுவதாகச் சொல்லி நோயாளியின் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார். எத்தனை அலட்சியமாக இருக்கிறார் என்று தெரியவேண்டுமே, வலது கையில் தேநீர்க் கோப்பை வேறு.

"இப்ப இந்தம்மா வைக்கப்போறது போலிப் பக்கம். வெறும் சத்தம். இதுல குணமாச்சுன்னா அது முழுக்க நம்பிக்கை."

"எவ்வளவு வைக்கட்டும் சார்?" என்று அவள் கேட்டாள்.

"போலிதானே, முழுசா வைங்க."

முழுசாக வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தினமும் தன் தலைக்கு வைக்கிற அளவே வைத்தாள். நீலப் பக்கத்தை அவர் தலையின் இடப்பக்கம் சரியாகப் பொருத்தி, பெடலை மிதித்தாள்.

பேராசிரியரின் கட்டைவிரல் வெட்டிக்கொண்டது. கோப்பை கவிழ்ந்து தேநீர் அவர் மடியெல்லாம் கொட்டியது. அவர் எழப்போனார். குழுவில் இருந்த வயதான டாக்டரம்மா "உக்காருங்க" என்று கையமர்த்தினார். "இன்னொரு தடவ வைங்கம்மா." விரல் துள்ளியது. "இப்ப மஞ்சள்." சத்தம் வந்தது, விரல் செத்த மீனாகக் கிடந்தது. மறுபடி நீலம், மறுபடி துள்ளல்.

"உங்க விரலும் நம்புதா சார்?" என்று அவள் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

விருது வந்த வழியே திரும்பிப் போனது. விழுந்தவருக்கு மீசையில் மண் ஒட்டியதா என்றால் அதுதான் இல்லை. அதே நாற்பது பேரின் கணக்கைத் தலைகீழாகத் திருப்பி, காந்தத் துடிப்பின் மாபெரும் வெற்றி என்று நூற்றுப்பத்தொன்பதாவது கட்டுரையை எழுதிவிட்டார். முந்தைய கட்டுரைக்கு நாலு வரித் திருத்தம் வெளிவந்தது. 'பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் ஒட்டிகள் இடம் மாறியமைக்கு வருந்துகிறோம்.' அதை அச்செடுத்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று அறிவிப்புப் பலகையிலும் குத்திவைத்தார். அந்த இயந்திரத்தில் பணியாளர் என்றால் அவள் ஒருத்திதான்.

அதைப் பிய்த்தெறியக் கை நீட்டினாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு சுருளைத் தப்பாக வைத்ததில்லை அவள். ஆனால் நீலப் பக்கத்தில் அண்ணனுக்கு மறுபடி இருபது தடவை சிகிச்சை தொடங்கியிருந்தது. வாராவாரம் அதற்குப் பேராசிரியர் கையெழுத்துப் போடவேண்டும். எட்டாவது தடவைக்கு வந்த அண்ணன் பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்தான்.

"நீயா ஒட்டின?"

"இல்லண்ணா."

"அப்புறம் ஏன் வாய மூடிக்கிட்டு இருக்க? போய் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேளு."

"உனக்கு இன்னும் பதிமூணு தடவ பாக்கி இருக்கு. தலையச் சாய்ச்சு உக்காரு."

இருபதாவது தடவை முடிந்த அன்று அண்ணன் துணி கொண்டுவந்திருந்தான். எட்டு மடிப்பாக மடித்து, அவள் மேசைமேலேயே வைத்து வெட்டினான். கத்தரி ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. அவனுடைய ஆள்காட்டி விரலை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது மடங்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் கட்டைவிரலைச் சோதித்துவிட்டு, இயந்திரத்தின் கோப்பைத் திறந்தாள். பிரித்த உறை அதற்குள்ளேயே கிடந்தது. பெருமை பிடித்தவர்கள் எதையும் சும்மா எழுத மாட்டார்கள். மஞ்சள் நிஜம், நீலம் போலி என்பதற்குக் கீழே பேராசிரியரின் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது: 'இரண்டு ஒட்டிகளையும் என் கையாலேயே ஒட்டினேன். அப்போது அறையில் வேறு எவரும் இல்லை.' அதற்கும் கீழே ஒப்பம், ஐந்து பட்டங்களோடு.

அந்தத் தாளைக் கொண்டுபோய் அறிவிப்புப் பலகையில், நாலு வரித் திருத்தத்துக்குப் பக்கத்திலேயே வைத்தாள். நாலு மூலைக்கும் குண்டூசி வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள். பிறகு போய் அன்றைக்கு முதலில் வந்திருந்த நோயாளியை உள்ளே கூப்பிட்டாள்.