சிவப்புப் பொட்டுத் தட்டு

எங்கள் வீட்டில் இருக்கிற எவர்சில்வர் தட்டு ஒன்றின் அடியில் சிவப்புப் பெயிண்டால் வைத்த பொட்டு இருக்கிறது. தேய்த்துத் தேய்த்துப் பாதி போய்விட்டது. நசரத்பேட்டை தாண்டி ஒரு என்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் எண்பதுகளின் கடைசியிலிருந்து பரிமாறும் வேலை செய்தேன். பையன்கள் என்னை ஆயா என்று கூப்பிடுவார்கள். தட்டுகளுக்குப் பொட்டு வைக்கச் சொன்னவர் வார்டன் சார். கணக்குப் பாடத்துக்கும் அவர்தான் தலைவர். சனிக்கிழமைதோறும் தேர்வு வைப்பார். தோற்றவனுக்கு அடுத்த சனி வரை பொட்டுத் தட்டு. பொரியல் இல்லை, தயிர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கோழி இல்லை. "வயிறு காஞ்சாத்தான் கணக்கு ஏறும்" என்பார். பையன்கள் தேறவேண்டும் என்று அவருக்கு நிஜமாகவே ஆசைதான். பாஸான பையன்கள் அவரைவிட மோசம். கடித்த எலும்பைப் பொட்டுத் தட்டில் போட்டு, "இந்தா மச்சான், இத்த வச்சி சம் போடு" என்று சிரிப்பார்கள்.

அவருக்குக் கீழே, ஆவடியிலிருந்து பஸ்ஸில் வருகிற கணக்கு மேடம் ஒருவர் இருந்தார். பொட்டுத் தட்டுக்காரர்கள் எல்லாம் தமிழில் படித்து வந்தவர்கள், இங்கிலீஷில் சொல்கிற கணக்கு அவர்களுக்குப் பிடிபடவில்லை என்று சாரிடம் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. அப்புறம் மேடமே சாயங்காலங்களில் சாப்பாட்டு ஹாலிலேயே அவர்களை உட்காரவைத்துத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஒருநாள் என்னிடம் சாம்பார் அண்டாவைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்தார். வயிறு பெருத்து வாய் சிறுத்த அண்டா. அது எவ்வளவு கொள்ளும் என்று கேட்டார். "வெங்காயத்த நறுக்குற மாதிரி இத மெல்லிசு மெல்லிசா வட்டமா நறுக்குங்க. ஒவ்வொரு வட்டமா கூட்டிக்கினே போங்க. உங்க புஸ்தகத்துல இருக்கிறது இவ்ளோதான்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் திருத்தணிப் பையன் ஒருவன், எப்போதும் குனிந்தே சாப்பிடுகிறவன், தலையைத் தூக்கி அண்டாவைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த தேர்வில் அத்தனை பேரும் பாஸ். ஞாயிற்றுக்கிழமை பொட்டுத் தட்டுகள் அலமாரியிலேயே கிடந்தன. சார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கேள்வித்தாள் தயாரிப்பதில் மேடமும் உண்டு. அதனால் கேள்வி அவர் வழியாக வெளியே போயிருக்கிறது என்று சார் முடிவு கட்டிவிட்டார். உண்மை வரும்வரை ஹாஸ்டல் முழுக்கப் பொட்டுத் தட்டுதான், யாருக்கும் கோழி கிடையாது என்றார். கோழி வாசனை ஹாலை நிறைத்துக்கொண்டிருந்தது. வாராவாரம் பொட்டுத் தட்டில் சாப்பிட்ட திருத்தணிப் பையனையே எல்லோரும் பார்த்தார்கள். "சொல்லித் தொலைடா, பசிக்குது" என்று பின்னாலிருந்து ஒருவன் முதுகில் குத்தினான். திருத்தணிப் பையன் எழுந்து நின்றான். கடைசியில், "மேடம்தான் கேள்விய முன்னாடியே குடுத்தாங்க சார்" என்றான். சார் தன் கையாலேயே அவன் தட்டில் கோழி வைத்தார்.

திங்கட்கிழமை மேடத்தை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். போகிற வழியில் சமையல்கட்டுக்கு வந்தார். அழுதமாதிரி தெரியவில்லை.

"அந்தப் பையன் சாப்ட்டானாம்மா?"

"ரெண்டு வாட்டி வாங்கினு சாப்ட்டான்மா" என்றேன்.

தலையாட்டிவிட்டு, கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாவைத் தாண்டிப் போனார். அவன் அதற்கப்புறம் ஒரு கணக்கிலும் தேறவில்லை என்றும், பாதியிலேயே ஊருக்குப் போய்விட்டான் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

ஹாஸ்டலுக்குப் புதுப் பாத்திரம் வந்தபோது பழைய தட்டுகளை எங்களுக்கே கொடுத்தார்கள். நல்லதையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முந்திப்போய் எடுக்க எனக்குக் கூச்சம். மிஞ்சியது இது.

போன வாரம் அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டில், என்ஜினியரிங் படிக்கிற பேரன் இந்தத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கணக்கில் மறுபடியும் போய்விட்டதாம். என் மகன் அந்த சாரைப் பார்த்ததே இல்லை. "வயிறு காஞ்சாத்தான்டா புத்தி வரும் உனுக்கு" என்று கத்திவிட்டு வெளியே போனான். நான் தயிர்ச் சட்டியோடு பேரன் பக்கத்தில் போனேன். அவன் தட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

"வாணாம் ஆயா. நான் ஃபெயிலு."