கணக்கில் நேராக இருந்த கோடு

அக்காவின் கணவர் மலாயாவில் ரயில்வே கிளாக்கர். யப்பான்காரர் அங்கே புகுந்த பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. மலாயா வானொலியில் நம் ஆட்கள் ஊருக்குச் செய்தி சொல்கிறார்கள் என்று எங்கள் ஊரான இணுவிலில் ஒரு கதை பரவியது. நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பழைய வால்வுகளை வைத்து நானே ஒரு றேடியோ செய்யத் தொடங்கினேன். பல மாதம் எடுத்தது.

வழமையான றேடியோ அல்ல அது. அதற்குள்ளேயே ஓர் அலை பிறக்கும். வெளியிலிருந்து வரும் அலையோடு அது அச்சொட்டாகச் சேர்ந்து ஓடவேண்டும். இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று ஒரு வால்வு ஒப்பிட்டு, அதற்கேற்ற மின்னழுத்தத்தைத் தரும். அந்த அழுத்தம் உள்ளே பிறந்த அலையை இழுத்துச் சரிசெய்யும். விலகல் கூடக் கூட அழுத்தமும் அதே அளவில் கூடும் என்று வைத்துக்கொண்டு, காகிதத்தில் ஒரு நேர்கோடு கீறினேன். கணக்கு அழகாக வந்தது.

ஒரு பின்னேரம் தமிழ்க் குரல் ஒன்று பிடிபட்டது. அக்கா குசினியிலிருந்து மா ஒட்டிய கையோடு ஓடிவந்தாள்.

"நான் சுகமாயிருக்கிறன். வீட்டிலை ஒருத்தரும்..."

அவ்வளவுதான். குரல் மங்கி, வெறும் கீச்சொலி மிஞ்சியது.

"தம்பி, அது அவரின்ரை குரல்தானே?"

எனக்குத் தெரியவில்லை. யாருடைய குரலாகவும் இருக்கலாம்.

"ஓம் அக்கா. அவர்தான்."

"சுகமெண்டுதானே சொன்னவர்?"

"ஓம்."

பிறகுதான் பிழை விளங்கியது. வரும் அலை வலுக்குறைந்தால் வால்வு தரும் அழுத்தமும் குறையும். விலகல் அலையின் ஒரு சுற்றில் காற்பங்கைத் தாண்டினால் கோடு வளைந்து கீழே இறங்கும். இந்த இரண்டையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. திருத்திக் கீறிப் பார்த்தேன். அவ்வளவு தூரத்துக் குரலை இந்த வால்வுகளால் பிடித்து வைத்திருக்க முடியாது என்பதுதான் விடை. யுத்தகாலத்தில் வேறு வால்வு கிடைக்கவில்லை. அக்காவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. நாள்தோறும் பின்னேரம் வந்து பக்கத்தில் இருப்பாள். கீச்சொலியைக் கேட்டுவிட்டு எழுந்து போவாள்.

யுத்தம் முடிந்ததும் அத்தானோடு வேலை செய்த ஒருவர் ஊருக்கு வந்தார். யப்பான்காரர் வந்த முதல் மாதமே அத்தான் காய்ச்சலில் போய்விட்டாராம். அக்கா அழவில்லை.

"அப்ப அண்டைக்குக் கதைச்சது ஆர்?" என்று அவரைக் கேட்டாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகும் அக்கா எனக்குச் சோறு போட்டாள், என்னோடு கதைத்தாள். ஆனால் சாகும்வரை என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.