அத்தையைத் தூங்கவைத்த சைலன்ஸர்

காரைச் சத்தத்தை வைத்து மதிக்கிற ஆண்கள் ஒரு ரகம். என் வீட்டுக்காரர் அந்த ரகத்தில் முதல் ஆள். எண்பதுகளின் தொடக்கத்தில், எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம், பல கை மாறி வந்த ஒரு அம்பாசிடரை வாங்கிக்கொண்டு வந்து ஒத்தக்கடை வீட்டு வாசலில் நிறுத்தினார். அவருக்கு உரக்கடை. எனக்கு மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், அத்தை என்று நான் கூப்பிடுகிற என் மாமியாரும்தான்.

கொஞ்ச நாளிலேயே அந்தக் காரின் சைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய்ப் புதுசு மாட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் கீழே இறங்காமல் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துக் காட்டினார். தெருவில் படுத்திருந்த மாடெல்லாம் எழுந்து நின்றுவிட்டன.

"கேட்டியா சத்தத்த? கம்பீரமா இருக்குல்ல. லோக்கல்லயே செய்யிறான். எல்லா வண்டிக்கும் பொருந்துமாம்."

"நல்லாத்தான் இருக்கு. இனி எதுத்த வீட்டு மாடு பால் கறந்த மாதிரிதான்," என்றேன்.

கழற்றிய பழைய சாமானையும் கொண்டுவந்திருந்தார். சைலன்ஸர் டப்பாவை இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று. அதிலிருந்து பின்னால் போகிற குழாயை மட்டும் அத்தை வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் அவரைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். மேலே ஏறிக் கீழே இறங்கிக் கோணல் மாணலாக வளைந்த குழாய் அது. கொடி பற்றி ஏற வசதி என்று அவருக்குத் திருப்தி.

அத்தையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மாமா தூக்கத்திலேயே இறந்துபோனார். பக்கத்தில் படுத்திருந்த அத்தைக்கு, விடிந்து தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. "கூப்பிட்டாகளோ என்னமோ, பாவி எனக்குக் கேக்கல" என்று அவர் சொல்லிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து அவர் தூங்கவில்லை. படுப்பார், கண்ணை மூட மாட்டார். அசதியில் தலை சாய்ந்தால்கூட உடனே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொடவே மாட்டார்.

"அதப் போட்டு நான் அடிச்சுப் போட்ட மாதிரி கெடந்தா, யாராச்சும் கூப்பிட்டா எப்பிடித்தா கேக்கும்?" என்பார்.

தூக்கமில்லாமல் அத்தை தேய்ந்துகொண்டே வந்தார். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுவார். அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொள்வார். ஆனாலும் எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று இருட்டோடு சோறு வடித்து, டிபன் பாக்ஸைக் கட்டிக் கையில் கொடுக்கத் தவறவே மாட்டார். நான் தாயில்லாமல் வளர்ந்தவள். எனக்கு ஒருத்தர் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தது அந்த வீட்டில்தான் முதல்முறை. அத்தையின் கண்ணுக்குக் கீழே நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது.

அப்படிப்பட்ட அத்தை அந்தக் காரில் தூங்கினார். புதுச் சைலன்ஸர் மாட்டிய மறுவாரம் திருவாதவூரில் இருக்கிற எங்கள் வயலைப் பார்க்கப் போனோம். எனக்குக் குமட்டும் என்பதால் நான் எப்போதும் முன் சீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வருவேன். அத்தைக்குக் காற்றுப் பட்டால் காது குடையும். பின்னால் இரண்டு கண்ணாடியையும் ஏற்றிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தார். ஊர் வந்துவிட்டது என்று திரும்பினால், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். என் வீட்டுக்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறமென்ன, சாயங்காலம் ஆனால் கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு, தன் பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மேலூர் ரோட்டில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்புவது அவருக்கு வேலையாகிவிட்டது. "அம்புட்டும் சைலன்ஸர் பண்ற வேல. அந்தச் சத்தம் ஒரே சீரா இருக்குறதால தூக்கம் வருது," என்று கடைக்கு உரம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையும், "தாலாட்டுற காருத்தா இது," என்று பூரித்துப் போனார். எழுந்ததும் தலை வலிக்கிறது என்பார். தூங்காதவள் தூங்கினால் வலிக்கத்தான் செய்யும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்வார். காருக்குள் ஏதோ ஒரு வாடை அடிக்கிறது என்று நான் சொன்னதற்கு, என் வீட்டுக்காரர் தினமும் ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிப் பின்னால் தொங்கவிட்டார். மல்லிகை வாடையில் மற்ற வாடை தெரியாமல் போயிற்று. இந்தப் புத்தியெல்லாம் எங்கள் ஊருக்கே உரியது.

ஒரு நாள் அழகர்கோவிலுக்குப் போகும்போது என் வீட்டுக்காரரின் சித்தப்பா முன்னால் உட்கார்ந்துகொண்டதால், நான் பின்னால் அத்தையோடு உட்கார வேண்டியதாயிற்று. பாதி வழியிலேயே எனக்குக் கண் சொருகியது. மலையடிவாரத்தில் இறங்கும்போது தலை கனத்துக் கால் தள்ளாடியது. அத்தையைக் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கையை விட்டால் கை சொத்தென்று விழுகிறது. முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் முனகினார். கதவோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார்.

"காலையில தின்ன பொங்கல் சேரலபோல," என்றார் சித்தப்பா.

எனக்குப் பொங்கல் மேல் சந்தேகம் வரவில்லை. தயிர்ச்சோற்று வாளியை எடுக்க டிக்கியைத் திறந்தேன். வாளியின் வாயில் நான் கட்டிவிட்டிருந்த வெள்ளைத் துணி, கரிச்சட்டி துடைத்த துணி மாதிரி இருந்தது. தொட்டால் விரலில் கரி. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோவிலுக்கு வந்த ஜனமெல்லாம் வேடிக்கை பார்க்க, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். பெருமைக்குரிய அந்தப் புதுக் குழாய் பின்னால் பம்பர் வரைக்கும் வரவே இல்லை. ஒரு சாண் உள்ளேயே முடிந்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். புகை வெளியே போக வழியில்லாமல் சுருண்டு, மேலே டிக்கி மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போயிற்று, அங்கிருந்து பின் சீட்டுக்கு. அந்த மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் எந்தக் காலத்திலேயோ இற்றுப்போயிருந்தது.

"அடுப்புக்குப் புகைக்கூண்டு வச்சா அது கூரைக்கு மேல போகணும். நீங்க கூரைக்கு உள்ளயே முடிச்சு வச்சிருக்கீங்க," என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். திரும்பி வரும்போது எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டோம். அத்தை காதைப் பொத்திக்கொண்டு வழியெல்லாம் என்னை வைதுகொண்டே வந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பொகையில வாசமே இல்லாத வெசம் ஒண்ணு இருக்கு டீச்சர். மொதல்ல தூக்கம் வரும், அப்புறம் முழிப்பே வராது. உங்க அத்தை உசுரோட இருக்கது பெரிய விஷயம்," என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவே இல்லை.

"இருந்துட்டுப் போகட்டும். தூக்கத்துலேயே போனா எம்புட்டு நல்ல சாவு. உங்க மாமா போன மாதிரி நானும் போயிட்டுப் போறேன்."

"போயிட்டா நாங்க என்ன பண்றது?"

"நீ என்ன பண்ணுவ, பள்ளிக்கூடம் போவ. கொழாய மாத்துனீங்கன்னா நான் அந்தக் கார்ல ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே கொல்லைக்குப் போய், அவரைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய குழாயைப் பிடுங்கினேன். பந்தல் பாதி சரிந்தது. அத்தை முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கிறுக்கச்சி, குடிகேடி என்று வாய்க்கு வந்தபடி வைதார். வையட்டும் என்று நான் குழாயைக் கழுவினேன். அந்தக் கோணல் மாணலுக்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவே இருக்கிற அச்சுக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பம்பரைத் தாண்டி வெளியே வரவேண்டும் என்று, அந்த ஒரு வண்டிக்காகவே அளந்து வளைத்த குழாய் அது.

சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு, என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு, வெளி வீதியில் இருந்த ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் அவரைப் பார்த்தே பேசினார். "அண்ணே, இது மாட்டிப் பாருங்க, சத்தம் சும்மா கணீர்னு இருக்கும்."

"சத்தம் எங்கிட்டு வேணாலும் போகட்டும். பொகை எங்கிட்டுப் போகும், அதச் சொல்லுங்க," என்றேன்.

அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கம்பெனி பெயர் ஒட்டியிருந்த ஒன்று, சுரண்டினால் பெயர் கையோடு வந்தது. தகடும் அப்பளம்போல இருந்தது. பெயரே இல்லாத இன்னொன்று நல்ல கனம். மூட்டு நெடுக வெல்டிங் விட்டுப்போகாமல் ஓடியிருந்தது. கம்பெனி சாமான் என்றால் எல்லாம் நல்லது, வெளியில் செய்தால் எல்லாம் மட்டம் என்று நான் நினைத்துப் போனது தப்பு. பார்க்க வேண்டியது நம் வண்டிக்கு உள்ள வளைவும் நீளமும்தான். பழைய குழாயைத் தரையில் கிடத்தி அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பெயரில்லாததுதான் வளைவுக்கு வளைவு சரியாக உட்கார்ந்தது. குழாய்கள் சேருகிற இடத்தை இறுக்குகிற கிளாம்ப்பு, நடுவில் வைக்கிற பேக்கிங், டிக்கி ரப்பர் எல்லாம் புதுசாகவே வாங்கினோம்.

ஒத்தக்கடை மெக்கானிக் அதை மாட்டி முடித்ததும், என்ஜினை ஓடவிட்டு, ஈரச் சாக்கைச் சுருட்டிக் குழாயின் வாயைக் கொஞ்ச நேரம் அடைத்துக் காட்டினார். நடுவில் ஒரு மூட்டில் புஸ்ஸென்று சத்தம் வந்தது. அதை இறுக்கினார். மறுபடி அடைத்தார். இந்தத் தடவை எங்கேயும் சத்தமில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "வண்டி ஊமையாப் போச்சே," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காரில் ஏறவில்லை. ராத்திரி பழையபடி சுவரில் சாய்ந்து முழித்துக்கொண்டிருந்தார். பேச்சும் குறைந்துவிட்டது. உசுரைக் காப்பாற்றுகிறேன் என்று இருந்த ஒரு தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டேனே என்று எனக்கு வேதனையாக இருந்தது. திருவாதவூரில் நடவு ஆரம்பித்தபோது, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று பையை எடுத்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அத்தை, எங்கம்மா மொகம் எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கது நீங்க ஒருத்தருதான். உங்கள அந்தப் பொகையில விட்டுட்டு நான் எப்பிடி இருப்பேன்? கார்ல ஏறுங்க. நான் பின்னாடியே உங்ககூட உக்காந்து வாரேன்."

அத்தை பையைக் கீழே வைத்தார். "உனக்குத்தான் கொமட்டுமே," என்றார். அவ்வளவுதான். வந்து ஏறிவிட்டார்.

போகும்போது விறைப்பாக உட்கார்ந்தே வந்தார். நடவு முடிந்து, வெயில் தாழ்ந்து திரும்பும்போது, எல்லாக் கண்ணாடியும் இறக்கியிருந்தது. அத்தை தலையைச் சுற்றித் துண்டைக் கட்டியிருந்தார். வயலில் நின்ற களைப்பு எங்கள் மூன்று பேருக்குமே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அத்தை கேட்டார்.

"நீ தூங்கப் போறியாத்தா?"

"இல்ல அத்தை. முழிச்சுத்தான் இருக்கேன்."

"முன்னாடி அவன்?"

"அவர் வண்டி ஓட்டுறாரு. அவரும் முழிச்சுத்தான் இருக்காரு."

கொஞ்ச நேரத்தில் அத்தையின் தலை சாய்ந்து என் தோள் கனத்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்தார். அடித்த பிரேக்கில் வண்டி ரோட்டோரத்து மண்ணில் இறங்கி நின்றது. மனுஷர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, "அம்மா, அம்மா" என்று அத்தையின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். நான் டிக்கியைத் திறந்து மோந்து பார்த்தேன். அவர் மண்ணில் முழங்கால் போட்டுக் குழாயைப் பார்த்தார். புகை எங்களுக்குப் பின்னால் ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"ஏண்டா கிறுக்குப் பயலே," என்று வண்டிக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. "இப்பத்தானடா கண்ணசந்தேன். அதுக்குள்ள எழவு விழுந்த மாதிரி கத்துற."

வைதது தெளிவாக இருந்தது. கண் தெளிவாக இருந்தது. என் வீட்டுக்காரர் மண்ணில் உட்கார்ந்தபடியே சிரித்தார், சிரிக்கச் சிரிக்க அழுதார். நான் ஏறி உட்கார்ந்ததும் அத்தை துண்டைச் சரிசெய்துகொண்டார். "நீ முழிச்சிரு," என்று சொல்லிவிட்டு மறுபடி என் தோளில் சாய்ந்தார்.

ஒத்தக்கடை வந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் என்ஜினை அணைத்தார். அத்தை மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். என் கை மரத்துப்போயிருந்தது. முன்னால் அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இறங்காமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.