அணைக்கக் கூடாத வேன்

தைல மரத்தில் வெட்டிய ஒரு கட்டை. ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சரிந்து, டயர் பதிந்து பதிந்து நடுவில் கறுத்துப் போயிருக்கும். கொடைக்கானலுக்கு வெளியே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்த நாட்களில், சாயங்கால மணி அடித்ததும் என் கை தேடுவது அந்தக் கட்டையைத்தான். பிள்ளைகள் எல்லோரும் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு டிரைவர் அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எடுங்க டீச்சர்" என்பார். நான் முன்சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை உருவிக்கொண்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, உருளத் தொடங்கிய வேனோடு இரண்டு எட்டு ஓடி ஏறிக்கொள்வேன். வேன் சத்தமே இல்லாமல் இறக்கத்தில் கொஞ்ச தூரம் போகும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, உயிர் பிடிக்கும். பார்க்கிற வெளியூர்க்காரர்கள், மலைப் பள்ளிக்கூடங்களில் டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஓடவிட்டுப் பார்ப்பார்கள் போல என்று நினைத்திருக்கலாம்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பேட்டரி. வேனில் இருந்த பேட்டரி செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். புதிது வாங்க வேண்டியவர் பள்ளியின் தாளாளர். கரஸ்பாண்டன்ட் என்பதைச் சுருக்கி நாங்கள் அவரைக் கரஸ் என்போம். புதிய பேட்டரி என் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வரும். இதைச் சொல்வது என் சம்பளத்தின் லட்சணத்தைக் காட்டத்தானே தவிர, பேட்டரியின் விலையைக் காட்ட அல்ல. அதே வருடம்தான் பள்ளி வாசலில் கிரானைட்டில் தன் பெயரைச் செதுக்கி, மேலே வளைவு எழுப்பி, அதற்குச் சரவிளக்கும் போட்டார். பள்ளங்கிப் பக்கம் தோட்டங்களில் காரட்டும் பூண்டும் பிடுங்கிக் கூலி வாங்குகிறவர்களின் பிள்ளைகள்தான் எங்களிடம் படித்தார்கள். அவர்களிடம் வேன் கட்டணத்தை ஜூன் மாதமே கறாராக வாங்கிவிடுவார். பேட்டரி என்று பேச்செடுத்தால் மட்டும் சிரிப்பார். "இந்த மலை முழுக்க ஆண்டவன் எறக்கத்தக் குடுத்து வச்சிருக்கான். எதுக்குய்யா பேட்டரி?" என்பது அவர் வாயில் நான் எத்தனையோ தடவை கேட்ட வசனம். தான் ஏதோ பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டதாக நினைத்துத் தலைமையாசிரியை முகத்தைப் பார்ப்பார். அந்த அம்மாவும் சிரித்து வைப்பார்.

ஆண்டவன் கொடுத்த இறக்கத்தில் பிழைத்தவர்கள் நாங்கள். வேன் நிற்கிற இடத்துக்குப் பிள்ளைகள் வருவது போய், வேன் உருளக்கூடிய இடத்துக்குப் பிள்ளைகள் வர வேண்டியதாயிற்று. சமமான இடத்தில் வண்டி தவறி அணைந்துவிட்டால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுத்தான் தள்ள வேண்டும். அதனால் கோயிலடியில் ஏறிக்கொண்டிருந்த குழந்தைகள், மழையானாலும் பனியானாலும் இறக்கம் தொடங்கும் ரோட்டுத் திருப்பம் வரைக்கும் நடந்து வந்தார்கள். சீசன் வந்துவிட்டால் இன்னும் கூத்து. பள்ளிக்கு முன்னால் உள்ள இறக்கத்தில் சுற்றுலாக் கார்கள் வந்து நின்றுவிடும். டிரைவர் அண்ணன் போய், "சார், கொஞ்சம் அங்கிட்டு தள்ளி நிறுத்துங்க, எங்களுக்கு எறக்கம் வேணும்" என்று கேட்பார். கேட்டவர்கள் அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். அவர் அப்பாவும் அம்மாவும் அங்கே தோட்டத்து மேலாளரைத் தொரை என்று அழைத்தார்களாம். இவர் அந்தப் பட்டத்தை எங்கள் கரஸுக்குக் கொடுத்திருந்தார், நேரில் அல்ல. "தொரை இன்னக்கி நல்ல மூடுல இருக்காரு டீச்சர், சாக்பீஸ் கேட்டு வாங்கிக்கங்க" என்பார். ஓட்டுவதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. மலைப்பாதையில் இத்தனை வருடத்தில் ஒரு வண்டியிலும் ஒரு கீறல் விழவிட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார், யாரும் கேட்காதபோதும். கோபம் வந்தால் பேச மாட்டார். துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்த வேனின் கண்ணாடி எப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

அந்த வருடம் பிள்ளைகளைப் பழனிக்குச் சுற்றுலா அழைத்துப் போவதென்று முடிவாயிற்று. அதற்கும் பெற்றோரிடம் தனியாகக் காசு வாங்கியாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் டிரைவர் அண்ணன் அலுவலக அறைக்கு வந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போன நானும் அங்கே இருந்தேன்.

"சார், பழனி சமதரைங்க. அங்க நிறுத்திட்டா திருப்பி எடுக்க முடியாது. கூட வர்றது பூராம் டீச்சருங்க, தள்ள ஆள் இல்ல. போறதுக்கு முன்னாடி ஒரு பேட்டரி போட்டுக் குடுத்துருங்க."

"நிறுத்துனாத்தானே எடுக்கணும்? அணைக்காமலே வச்சுக்க" என்றார் கரஸ்.

"நாள் பூராவுமா சார்?"

"ஒனக்கென்னய்யா, உக்காந்துதானே இருக்கப்போற. வண்டிய விட்டு எறங்காத."

டிரைவர் அண்ணன் வெளியே போய்க் கண்ணாடியைத் துடைத்தார்.

மறுநாள் வடகவுஞ்சி வழியாகப் பழனிக்கு இறங்கினோம். பிள்ளைகளில் பாதிப் பேர் அதுவரை சமவெளியையே பார்த்ததில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, வின்ச்சில் மலையேறி, சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்தத்தைக் கையில் வாங்கி முழங்கை வரை ஒழுகவிட்டார்கள். வேன் கீழே மைதானத்தில் உறுமிக்கொண்டு நின்றது. வெயிலில் என்ஜின் சூடும் சேர்ந்து உள்ளே உட்கார முடியாது. அவர் உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் வந்து புகை அடிக்குது, அணை என்று விரட்டும்போதெல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து நின்றார். மதியம் நான் புளியோதரைப் பொட்டலத்தோடு போனபோது அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"நான் இங்க இருக்கேன் அண்ணே. நீங்க ஒரு எட்டு மேல போய் சாமி கும்பிட்டு வாங்க" என்றேன்.

"வேணாம் டீச்சர். நான் போன நேரம் இது நின்னு போச்சுன்னா முருகனே எறங்கி வந்துதான் தள்ளணும். அவருக்கு ஆயிரம் சோலி கெடக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கொடுத்த திருநீற்றை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கொஞ்சம் பூசிவிட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். ஒரு மனிதனை ஒரு நாள் முழுக்க இயந்திரத்தோடு கட்டிப்போட்டு, அதற்குப் பெயர் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள எப்படித்தான் மனம் வருகிறதோ. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அதுகூடப் பரவாயில்லை. மறுநாள் காலை நடந்ததுதான் பொறுக்க முடியாதது. கரஸ் வேனில் ஏறி டீசல் முள்ளைப் பார்த்திருக்கிறார். அது அடியில் கிடந்தது. நாள் முழுக்க என்ஜின் ஓடினால் வேறு எங்கே கிடக்கும்? பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போகும் நேரம், எல்லா ஆசிரியைகளும் நிற்கும்போது, முற்றத்தில் வைத்துக் கேட்டார்.

"பழனிக்குப் போய்ட்டு வர இம்புட்டு டீசலா? எங்க வித்த?"

டிரைவர் அண்ணனுக்கு முதலில் புரியவே இல்லை. "என்னது சார்?" என்றார்.

"கேன்ல புடிச்சு எங்கய்யா வித்த?"

நான் பேசினேன். "சார், அணைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

"ஒங்களக் கேக்கல டீச்சர். கிளாஸுக்குப் போங்க."

தலைமையாசிரியையைப் பார்த்தேன். அந்த அம்மா செம்பருத்திச் செடியில் ஏதோ பூச்சி இருப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கரஸ் தீர்ப்பும் சொன்னார். டீசலுக்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். சாயங்காலத்துக்குள் டிரைவர் எல்லோர் முன்னாலும் குற்றத்தை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம்.

கொடைக்கானல் சின்ன ஊர். டிரைவர்களுக்கு வேலை கிடைப்பது சான்றிதழால் அல்ல, வாய்ச்சொல்லால். இந்த ஆள் நல்லா ஓட்டுவார் என்பதைவிட, இந்த ஆள் டீசலில் கை வைக்க மாட்டார் என்கிற சொல்தான் பெரிது. அந்தச் சொல் போனால் மலையில் ஒருவனும் சாவியைத் தர மாட்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போய், வேலை போய்விடக் கூடாதே என்ற கவலையில், "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருங்களேன் அண்ணே" என்றார் இன்னொரு டீச்சர்.

"திருடுனேன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களா டீச்சர்? சொல்லிட்டு நான் எங்க போய் வண்டி ஓட்டுறது?"

அன்று அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல நான் கட்டையை எடுத்தேன், வேன் உருண்டது. பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். கடைசிக் குழந்தை வீட்டுக்குள் போகும் வரை காத்திருந்தார். என் வீடு வந்தபோது நிறுத்தவில்லை.

"ஒங்களத் திருப்பிக் கொண்டாந்து விட வண்டி இருக்காது டீச்சர். நடந்துதான் வரணும். எறங்கிக்கிறீங்களா?"

"இல்ல அண்ணே, நானும் வரேன்" என்றேன். எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆனால் இறங்கவும் தோன்றவில்லை.

வேன் கரஸின் வீட்டுக்குப் போயிற்று. மலையை வெட்டி, தடுப்புச் சுவர் கட்டி, சமதரையாக்கி, தரைக்குச் சிவப்புக் கல் பதித்த வீடு. ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். முற்றத்தின் கோடியில் கரஸின் கார் நின்றது. வீட்டுக்காரம்மா பட்டுச் சேலையில் படியில் நின்றார். வத்தலக்குண்டில் ஏதோ கல்யாண வரவேற்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் அண்ணன் வேனை உள்ளே விட்டு, காருக்குப் பின்னால் ஒட்டினாற்போலக் கொண்டுபோய் நிறுத்தி, என்ஜினை அணைத்தார். ஒரு கீறல்கூட விழவில்லை, காரிலும் வேனிலும்.

கரஸ் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "இங்க எதுக்குய்யா கொண்டாந்து நிறுத்துன? எடு வெளிய."

"எடுங்க சார்." சாவியை அவர் கையில் வைத்தார்.

கரஸ் ஏறிச் சாவியைத் திருப்பினார். டிக். மறுபடியும் திருப்பினார். எத்தனையோ மாதமாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தத்தை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். "ஏய், இது எடுக்கலய்யா" என்றார்.

"எறக்கத்துக்குக் கொண்டு போங்க சார், ஓடும்" என்றார் டிரைவர் அண்ணன்.

நாங்கள் இருவரும் நடந்தோம். வாசலைத் தாண்டும்போது கரஸ் போனில் பேட்டரிக் கடைக்காரரிடம் கத்துவது கேட்டது. பஜாருக்குப் பாதி தூரம் வருவதற்குள் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் டூவீலரில் எங்களைக் கடந்து மேலே போனார். அத்தனை மாதம் வராத பேட்டரி அவ்வளவு வெரசாக வந்துவிட்டது. பிள்ளைகள் மழையில் நடந்ததற்கு வரவில்லை, ஒரு மனிதன் வெயிலில் வெந்ததற்கு வரவில்லை, வரவேற்புச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்றதும் வந்துவிட்டது.

டிரைவர் அண்ணன் ஜெயித்துவிட்டார் என்று கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டீசல் திருடியவன் என்ற பேச்சைக் கரஸ் ஊர் முழுக்கப் பரப்பினார். யாரும் வண்டி கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் வடகவுஞ்சிப் பக்கம் லாரியில் மூட்டை ஏற்றினார் என்றார்கள். ஓட்ட அல்ல, ஏற்ற. பிறகு குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். நானும் அந்த வருடத்தோடு வேலையை விட்டேன். இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறோம், சொந்தமாக ஒரு கார் இருக்கிறது. போன மாதம் அதற்குப் பேட்டரி மாற்றினோம். விலையைக் கேட்டு, "கூடச் சொல்றான்" என்று முணுமுணுத்தார் என் கணவர். நான் பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காசை மிச்சம் பிடிக்க என்னவெல்லாம் கொடுப்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

அதையெல்லாம்கூட ஒருவேளை மறந்துவிடலாம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த முதல் திங்கட்கிழமையை மட்டும் மறக்க முடியவில்லை. புது டிரைவர் வந்திருந்தார். சாயங்காலம் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். புது டிரைவர் சாவியைத் திருப்பினார். நின்ற இடத்திலேயே வண்டி சட்டென்று உயிர் பிடித்தது. பிள்ளைகளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, பாவம் குழந்தைகள், வேன் முழுக்கக் கைதட்டின. வாசல் வளைவுக்கு அடியில் நின்றிருந்த கரஸ் திரும்பிப் பார்த்தார். புன்னகை செய்தார். கையை உயர்த்தி அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்.