வேலைநிறுத்தத்தில் ஒரு காதுகுத்து

எனக்குக் காது குத்தியது எங்கள் தெருவில் தறிகள் நின்றிருந்த நாட்களில். அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் விசேஷம் வைப்பதில்லை. ஆனால் தாய்மாமா பிடிவாதமாக நின்றார். பிள்ளைக்கு ஏழு வயதாகியும் காது மூளியாகக் கிடக்கிறது. பந்தல், சாப்பாடு, ரேடியோ செட் எல்லாம் தன் செலவு என்றார். சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட அடுத்த வீட்டுப் பம்பைத் தேடுகிற மனிதர் அவர்.

"என்னட்டி, ஒன் தம்பிக்குத் திடீர்னு பாசம் பொங்குது?" என்று எதிர்வீட்டு அக்கா அம்மாவைக் கேட்டாள்.

"பொங்கட்டும். தீ அணையுறதுக்குள்ள நாம சோத்த வடிச்சிருவோம்" என்றாள் அம்மா.

பழைய கூலி ஒப்பந்தம் முடிந்து, புதியதைப் போடாமல் முதலாளிகள் இழுத்தடித்ததால் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. ஷெட்டில் விசைத்தறி ஓட்டிய அம்மாவைப் போன்றவர்களும் நிறுத்தியிருந்தார்கள். முதலாளியிடம் பாவு நூல் வாங்கி, வீட்டின் பின்கட்டில் சொந்தத் தறி போட்டுக் கூலிக்கு நெய்த மாமாவைப் போன்றவர்களும் நிறுத்தியிருந்தார்கள். பேச்சுவார்த்தை காதுகுத்துக்கு மறுநாள். தெருவுக்காகப் பேசப் போகிறவர்களில் அம்மாவும் ஒருத்தி. ஒரு தறி ஓடினாலும் நம் பேச்சு எடுபடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. யார் முதலில் துணி கொண்டுவருகிறாரோ அவருக்குத்தான் அடுத்த பாவு என்று கணக்குப்பிள்ளையை விட்டுத் தெருவின் காதில் போட்டு வைத்திருந்தார்கள்.

விசேஷத்தன்று விடிந்ததிலிருந்தே பாட்டு அலறியது. பந்தலுக்குள் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்கவில்லை. மூன்று வீடு தள்ளியிருந்த மாமா வீட்டிலிருந்து அத்தை மட்டும் வரவில்லை. மாமாவிடம் கேட்டால் தலைவலி என்று சைகையில் சொன்னார். அழைக்காமலேயே கணக்குப்பிள்ளை வந்துவிட்டார். அந்த நாட்களில் அவர் எங்கள் தெருவின் ஒரு விசேஷத்தையும் விட்டதில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

மாமா மடியில் என்னை உட்கார வைத்தார். ஆசாரி ஊசியை எடுத்தார். அப்போது ரேடியோ செட்டுக்காரர், பணம் கொடுத்தவருக்கு மரியாதை செய்ய நினைத்து, பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தார். தாய்மாமன் சீரை அறிவிக்காமல் எங்கள் ஊரில் காதுகுத்து ஏது?

"அதெல்லாம் வேண்டாம்வே. பாட்டு ஓடட்டும்" என்று மாமா பதறினார். தன் பெருமையை வேண்டாமென்று சொன்ன தாய்மாமனை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. ரேடியோ செட்டுக்காரர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

அந்த இடைவெளியில் கேட்டது. தடக், தடக், தடக்.

எங்கள் தெருக்காரர்களுக்குச் சத்தம் போதும், யார் வீட்டுத் தறி என்று சொல்லிவிடுவார்கள். பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் மாமா பக்கம் திரும்பின. மாமா குனிந்து என் பாவாடையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

அம்மா தன் தம்பியைப் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளையைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, பாட்டப் போடுங்க. பிள்ளை பயப்படுது" என்று ரேடியோ செட்டுக்காரரிடம் சொன்னாள். பாட்டு மறுபடி அலறியதும், தாம்பாளத்தை யார் கையிலோ கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"என்ன சத்தம் அது?" என்று கணக்குப்பிள்ளை பாட்டுக்கு மேலே கத்திக் கேட்டார்.

"கிரைண்டரு, அண்ணாச்சி. வடைக்கு ஆட்டுதாங்க" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"தறி மாதிரில்லா இருந்துச்சு?"

"பழைய கிரைண்டரு. கல்லு தட்டுது."

"அத மாத்துங்கன்னு எத்தன மட்டம் சொல்லியாச்சு" என்று பக்கத்திலிருந்தவள் அலுத்துக்கொண்டாள். யாரோ கணக்குப்பிள்ளை கையில் பாயச டம்ளரைத் திணித்தார்கள்.

சற்று நேரத்தில் அம்மா அத்தையைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். அத்தையின் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை, பூ வைத்துவிடுவதுபோல நடந்துகொண்டே தட்டிவிட்டாள். பிறகு எனக்குக் காது குத்தினார்கள். நான் வீரிட்டு அழுததை ஒருவரும் சட்டை செய்யவில்லை.

எல்லாரும் போன பிறகு மாமா பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த பாவு வேற எவனுக்காவது போயிருமோன்னுதான் அவள ஓட்டச் சொன்னேன். சங்கத்துல சொல்லிராதக்கா."

"சங்கமே சேர்ந்துதானல கிரைண்டர் ஓட்டுச்சு" என்றாள் அம்மா. "நாளைக்குப் பேச்சுவார்த்தைக்கு நீயும் வா."

"நானா? அங்கன வந்து என்ன பேச?"

"ஒண்ணும் பேச வேண்டாம். எங்க பக்கத்துல உக்காரு."

"முதலாளி மூஞ்சிய எப்படிக்கா பாக்க?"

"பாக்கத்தான் கூப்பிடுதேன்."

மறுநாள் சாயங்காலம் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததை விட்டுக்கொடுக்காமல் வாங்கி வந்தார்கள். அடுத்த நாள் தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் தறியைப் போட்டது. மாமாவுக்கும் பாவு வந்தது.

இப்போது நான் நைட்டி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். மேனேஜர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே போதும். என்ன தப்பு செய்தோம் என்று காலையிலிருந்து நடந்ததையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். இந்தக் காலத்தில் சங்கம் எதற்கு, போனிலேயே புகார் போடலாமே என்று சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள். போடலாம். யார் போட்டது என்று விசாரணை வரும்போது பக்கத்தில் ஆள் வேண்டும். பாத்ரூம் போகும் நேரத்துக்குச் சம்பளம் பிடித்ததை எதிர்த்துப் பேசப் போனபோது, எங்கள் லைனிலேயே அதிகம் பயந்த பெண்ணைத்தான் சங்கத்தின் சார்பில் என்னோடு கூட்டிப்போனேன். பயந்துகொண்டேதான் இரண்டு பேரும் பேசினோம். பிடித்தம் நின்றது. பக்கத்தில் ஆள் வேண்டும் என்ற இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அம்மா பேச்சுவார்த்தைக்குக் கிளம்பிய அந்தக் காலையில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மாமா வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றுவதுபோல ஏதோ தண்டனை என்றுதான் நினைத்தேன்.

"பேசத் தெரியாதவன எதுக்கு இழுத்துட்டுப் போற?" என்று அப்பா கேட்டார்.

"வீட்டுல தனியா இருந்தா மறுபடியும் பயந்துருவான்" என்றாள் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே.

இரண்டு பேரும் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகலில், சொந்த வீட்டில், அவ்வளவு பெரிய மீசை வைத்திருக்கிற மாமாவுக்கு என்ன பயம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.