பெரியப்பா பேசிவைத்த வண்டி

வண்டி பார்க்கப் போனபோதெல்லாம் அப்பா இருந்தார், நான் இருந்தேன், அக்கா வீட்டுக்காரரான மாமா இருந்தார். கூடவே பழைய போர்வையில் சுற்றிய வாழை இலைக் கட்டு ஒன்று, ஆள் உயரத்துக்கு. பெரியப்பா இல்லை. இனி அவர் தயவு இல்லாமல் பிழைக்கத்தான் வண்டியே தேடினோம்.

காவிரிப் படுகையில் எங்களுக்கு வாழை. இலை அறுப்பது நாங்கள், கும்பகோணத்து மண்டபத்துக்கு ஏற்றிப்போவது பெரியப்பாவின் டெம்போ. போன தையில் ஒரு முகூர்த்த நாள். விடியுமுன்னே கட்டுகளை ரோட்டோரம் அடுக்கிவிட்டுக் காத்திருந்தோம். டெம்போ வரவில்லை. கூட வாடகை தருகிறேன் என்ற யாருக்கோ நாற்காலி ஏற்றப் போயிருந்தது. மண்டபத்தில் முதல் பந்தி பேப்பர் இலையில் நடந்தது. பெண்ணின் தகப்பனார் அத்தனை பேர் முன்னால், "உன்னைப் போயி நம்பினேன் பாரு" என்றார். அப்பா கும்பிட்டபடியே நின்றார். அந்தக் கும்பிட்ட கை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

சாயங்காலம் அப்பா கேட்டார், "வர்றேன்னு சொன்னீங்களேண்ணே?"

"சொன்னேன். உங்கிட்ட அட்வான்ஸா வாங்கிட்டேன்?" என்றார் பெரியப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "அதான் காலேஜ் படிச்ச தொரை இருக்காருல்ல. பஸ்ல தூக்கிட்டுப் போகச் சொல்லு."

அடுத்த வாரமே அந்த மண்டபத்து ஆர்டரைத் தன் பேருக்குப் பேசி எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். அதையும் அவர் வாயால் கேலியாகக் கேட்க வேண்டியதாயிற்று. நேராக மண்டபத்து மேனேஜரிடம் போனேன். "ஆவணிக்குள்ள சொந்த வண்டியோட வாங்க தம்பி, ஆர்டர் தர்றேன். வாடகை வண்டின்னா இந்தப் பக்கமே வராதீங்க" என்றார்.

அக்காவின் நகை அடகுக்குப் போனது. அந்தப் பணத்துக்கு வழியில் நிற்காத வண்டியாக வேண்டும், எரிபொருளைக் குடிக்காததாக வேண்டும், இலை மடங்காமல் படுக்க வேண்டும். நடுநரம்பு ஒடிந்த இலையில் ரசம் நிற்காது. அதனால்தான் விலை போகாத கிழிசல் இலைகளைக் கட்டி, அளவு பார்க்கப் போன இடமெல்லாம் தூக்கிப் போனோம்.

கும்பகோணத்தில் பார்த்தது கேஸில் ஓடும் கார். மைலேஜைக் கேட்டதும் எனக்கு வாயூறியது. டிக்கியைத் திறந்தால் சிலிண்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. "இலைய என்ன மடியில வச்சிக்கிட்டா போறது?" என்றார் மாமா. கீழ்வேளூரில் பார்த்த வண்டியில் இடம் தாராளம், பெயின்டும் புதுசு. ஆனால் நாங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தது. காலையில் லேசில் கிளம்பாத வண்டியைத்தான் இப்படி முன்கூட்டியே ஓடவிட்டு வைப்பார்கள். மாமா தரையில் படுத்து டார்ச் அடித்தார். கடல்காற்றில் அடித்தகடு துருவேறி அப்பளமாகப் பொரிந்திருந்தது.

குத்தாலத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வைத்திருந்தார். ஏழு பேர் உட்காரும் டீசல் கார். பானெட் சில்லென்றிருந்தது, ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது, புகை இல்லை. டேங்கை வழிய நிரப்பி, சீர்காழிவரை போய்வந்து, மறுபடி நிரப்பிப் பார்த்தேன். லிட்டருக்குப் பதினேழு. பின்சீட்டுகளை மடக்கி இலைக்கட்டை உள்ளே தள்ளினோம். இலை நுனி கண்ணாடியைத் தொடாமல் நின்றது. அப்பா முகத்தில் பல மாதம் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

வாத்தியார் சொன்ன விலை இரண்டு லட்சத்து எழுபதாயிரம். சொல்லிவிட்டுத் தயங்கினார். "இன்னொருத்தரும் பேசியிருக்காரு. அவரும் இலை வியாபாரந்தான். பழைய டெம்போ இனிமே ரோட்டுக்கு ஆகாதாம். அஞ்சாயிரம் கொறைங்க, நாளைக்கு எடுத்துக்குறேன்னு சொன்னாரு."

எந்த ஊர் என்றேன். எங்கள் ஊரைச் சொன்னார்.

அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. "வேணாம்டா. அண்ணன் பேசின வண்டி."

"சார், அவரு அட்வான்ஸ் குடுத்தாரா?" என்றேன்.

"இல்ல. சொல்லிட்டுப் போனாரு."

"நீங்க கேட்ட வெலைக்கு மேல பத்தாயிரம் தர்றேன். இப்பவே."

மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கொறைக்கத்தாண்டா வந்தோம், ஏத்தவா வந்தோம்?" அவர் பெண்டாட்டி நகை, அவருக்கு வயிறு எரியாதா? எனக்கும் எரிந்தது, வேறு நெருப்பு.

வாத்தியார் அப்பாவைப் பார்த்தார். "பெரியவரு என்ன சொல்றீங்க?"

"அன்னைக்கு மண்டபத்துல கும்பிட்டுக்கிட்டு நின்னது நீங்கதாம்பா" என்றேன்.

இலைக்கட்டை வெளியே எடுக்கப்போன அப்பா, அப்படியே விட்டுவிட்டுப் பின்கதவைச் சாத்தினார். "உள்ளயே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை பெரியப்பா எங்கள் வாசலில் நின்றார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. "நான் பேசிவச்ச வண்டிடா அது!"

குத்தாலத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் நான் ஒரு பதிலைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"பேசுனீங்க. அட்வான்ஸா குடுத்தீங்கண்ணே?"

பெரியப்பா மடித்த வேட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார்.

சொன்னபடி மேனேஜர் ஆர்டர் தந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று, அடுப்புப் பற்றவைக்கும் முன்பே எங்கள் இலை மண்டபத்தில் இறங்கியது. திரும்பும்போது எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் பெரியப்பா இரண்டு இலைக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஹாரன் அடித்தேன். நிறுத்தவில்லை. அப்பா நிறுத்தச் சொல்லவுமில்லை.

வண்டி விலையோடு பேர் மாற்ற, இன்ஷூரன்ஸ் கட்ட, இரண்டு டயர் போட, பெரியப்பாவுக்காக மேலே வைத்த பத்தாயிரம், எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது மூன்று லட்சத்து நாலாயிரம் ரூபாய்.