வகிட்டுக்கு அந்தப் பக்கம்

சீப்புப் பல் வைத்த இரும்பு வாருகோலைத் தண்ணீருக்குள் இறக்கி, அடி தட்டியதும் மேலே இழுக்கிறார். இரும்போடு இரும்பு உரசுகிறது. ஒரு சுமை சருகு கரையேறுகிறது. உதறிவிட்டு மறுபடி குனிகிறார். காட்டாற்றை மறித்துக் கட்டிய சின்ன அணை. மின் நிலையத்துக்குத் தண்ணீர் பிரியும் வாய்க்காலின் வாயில் ஆளுயரக் கம்பித் தடுப்பு. அதில் சேரும் குப்பையை வாரிப் போடுவது அவர் வேலை. கூட வேலை பார்ப்பவர்களுக்கு அவர் சீப்பு அண்ணன்.

"என்னண்ணே, ஆத்துக்குத் தலை சீவியாச்சா? எனக்கும் கொஞ்சம் சீவி விடுங்க" என்பான் மதகு ஆபரேட்டர், தினமும், அன்றுதான் தோன்றியது போல.

"உன் தலைக்கு எதுக்குடா சீப்பு? துணியால துடைச்சா போதும்."

ஆறு பெரியதில்லை. கோடையில் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு கடந்துவிடலாம். மேலே முழுக்கக் காடு. அவர் அங்கே அதிகம் ஏறியதில்லை. வந்து சேர்வதை வைத்தே தெரிந்துகொண்டார். இடது ஓடை சிவப்பு. அங்கே சாலை வெட்டுகிறார்கள். வலது ஓடை சதுப்பில் கசிந்து வருவதால் நிறைய நேரம் கொதித்த தேநீரின் நிறம். நடு ஓடை கரும்பாறைகளுக்குள் விழுந்து எழுந்து வருகிறது. தெளிவாக இருக்கும், குளிர் எலும்பைக் குத்தும், கறுப்பு மணல் கொண்டுவரும். மூன்றும் அணைக்குச் சற்று மேலே கூடுகின்றன. முறிந்த கிளை, செத்த மான், ஒரு முறை பிளாஸ்டிக் நாற்காலி. "யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்கான், சூடு ஆறல பாரு" என்று அதைக் காயவைத்து உட்கார்ந்துகொண்டார்.

மலை முகட்டை எல்லோரும் வகிடு என்பார்கள். இந்தப் பக்கம் விழும் மழை இந்த ஆற்றுக்கு. அந்தப் பக்கம் விழுவது வேறு ஆற்றுக்கு, வேறு ஊர்களுக்கு.

போன மழைக்காலத்தில் அவர் மகன் அந்தப் பக்கத்து ஊரில் வேலை கிடைத்ததென்று கிளம்பினான். பேருந்து சுற்றிப் போகும்; காட்டுவழி குறுக்கு. "மழை விட்டதும் போயேன்டா" என்றார். "நீங்க ஆத்தைப் பாத்துக்குங்கப்பா. என்னை நான் பாத்துக்கறேன்." அதற்குப் பிறகு தகவல் இல்லை. தேடிப் போனவர்கள் அட்டைக்கடியோடு திரும்பினார்கள்.

மனைவியின் கணக்கு வேறு. "விழுந்திருந்தா உங்க கம்பிக்குத்தானே வந்திருக்கணும்? வரல. அப்ப வகிட்டைத் தாண்டிட்டான். அப்பன்மேல ரோசம். அதான் பேசாம கெடக்கான்." வெள்ளம் அணைக்கு மேலாகவே பாய்ந்து போகும் நாட்களும் உண்டு. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. மாலையில் வாசலிலேயே கேட்பாள்: "இன்னைக்கு என்ன வந்துச்சு?" "இலைதான்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் அடுப்புப் பற்றும்.

நகரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். மாட்டேனென்றுவிட்டார். இந்த இடத்தில் வேறொருவன் நின்றால், கிடைத்ததைக் கூவிச் சொல்லிவிடுவான்.

போன வாரம் மேலே மண் சரிந்தது. ஆறு கலங்கலாக ஓடி ஓய்ந்தது. தெளிந்த அன்று, வேலை முடியும் நேரம், வாருகோல் எதிலோ மாட்டி வரமாட்டேனென்றது. மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டுத் துழாவி எடுத்தார். இடுப்பு பெல்ட். கொக்கியில் துரு. கடைசி ஓட்டைக்கு அப்பால், கொஞ்சம் கோணலாக, இன்னோர் ஓட்டை. "இடுப்பாடா இது, வெளக்குமாத்துக் குச்சி" என்று சிரித்தபடி, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அவரே போட்டுக் கொடுத்தது.

ஓட்டைக்குள் கறுப்பு மணல் அடைத்திருந்தது. நடு ஓடை. காட்டுவழி அதைக் கடப்பது வகிட்டுக்குச் சற்றே கீழே. அதைத் தாண்டியிருந்தால் ஒரே ஓர் ஏற்றம்.

"என்னண்ணே மாட்டுச்சு?"

"வேருடா."

பெல்ட்டைச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். வீட்டில் அவள் கைபடாத இடமென்று ஒன்று இல்லை.

"மணல் மதகைத் தெற."

"நேத்துத்தானேண்ணே தெறந்தோம்?"

"தெறடாங்கறேன்."

சக்கரம் சுற்றியது. அணையின் அடியில் தண்ணீர் பீறிட்டது. அதற்கு மேலே உள்ளங்கையை விரித்தார்; பெல்ட் மணலோடு கீழே போனது.

வாசலில் அவள் நின்றிருந்தாள். "இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"இலைதான்."

அடுப்பை நோக்கித் திரும்பியவள் நின்றாள். அவருடைய வலது சட்டைக்கை தோள்வரை நனைந்திருந்தது. வாருகோலுக்கு நீளக் கைப்பிடி. இலை வாருவதற்கு யாரும் தோளை நனைப்பதில்லை. இத்தனை வருஷம் அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் அவள்.

"அந்தப் பக்கம் இந்நேரம் மழை விட்டிருக்கும்" என்றாள்.

கிட்டே வந்தாள். சட்டையைக் கழற்றச் சொல்லாமல், அவர் போட்டிருந்தபடியே அந்தச் சட்டைக்கையைத் தோளிலிருந்து கீழாகப் பிழிந்துகொண்டே வந்தாள். சொட்டுவது நின்ற பிறகும் விடவில்லை.